பத்து வயசு சிபிஆர் 250ஆர்: கத்திரி வெயிலுக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. வண்டிக்காரனுக்கு அது கேலியல்ல, நேரடிச் செலவு. மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வரை கக்குகின்றன. பாலாற்று மணல் காற்றோடு வந்து ஏர் ஃபில்டரிலும் செயினிலும் உட்காருகிறது. போர் தண்ணியில் உப்பு. மூன்றும் சேர்ந்து முதலில் கை வைப்பது தண்ணி ஓடும் எஞ்சின் மேல்தான்.

ஹோண்டா சிபிஆர் 250ஆர் பைக் 2011-ல் இந்தியாவுக்கு வந்தது, பிஎஸ்-6 புகை விதி வந்த 2020-ல் நின்றுபோனது. 249.6 சிசி, ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூலிங். நெடுந்தூரத்துக்கு இன்றும் நல்ல வண்டி. ஆனால் கைமாறி வரும் வண்டியின் மீட்டர் முப்பதாயிரம் காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ரப்பர், கூலன்ட் (எஞ்சின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவம்), பிரேக் ஆயில் இவையெல்லாம் ஓடாமல் நின்றாலும் கெடும். அதனால் பழைய சர்வீஸ் கணக்கை மறந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை புதிதாகத் தொடங்குங்கள்.

முதலில் ஃபேரிங், அதாவது எஞ்சினை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை. வெயிலில் நின்ற பிளாஸ்டிக் மொறமொறப்பாகியிருக்கும். உள்ளே இருக்கும் கொக்கிகள் சட்டென ஒடியும். ஸ்க்ரூ எல்லாம் கழற்றியும் வரவில்லை என்றால் இன்னும் எங்கோ ஒன்று மிச்சம் என்று அர்த்தம், பலம் காட்டாதீர்கள். ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும். ஒரு அட்டையில் ஃபேரிங் படத்தைக் கிறுக்கி, கழற்றிய இடத்திலேயே குத்தி வைத்தால் மாட்டும்போது குழப்பமில்லை.

கூலிங்

இந்த ஊரில் இந்த வண்டிக்கு மற்ற எல்லா வேலையையும்விட இது முக்கியம். ரிசர்வ் டேங்கில் கூலன்ட் குறைந்தால் பலர் வீட்டுக் குழாய்த் தண்ணியை ஊற்றிவிடுகிறார்கள். பாலாற்றங்கரை நிலத்தடி நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அது சூடாகும்போது, இட்லிப் பானையின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றியும் படியும். உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். ஆர்.ஓ. தண்ணியும் வேண்டாம், அதிலும் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும். கடையில் கலந்தே வரும் சிலிகேட் இல்லாத எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் வாங்குங்கள். கெட்டியான கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணி, கலந்துகொள்ளுங்கள். இரண்டு லிட்டர் கையில் இருந்தால் தாராளம்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிக்கிற கூலன்ட் முகத்தில் பீய்ச்சும். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, வாட்டர் பம்ப் மூடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைத் திறந்து, பழையதை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கும், நக்கினால் செத்துவிடும். சாக்கடையோரம் ஊற்றவே ஊற்றாதீர்கள். வந்தது துருநிறத்தில் இருந்தால் யாரோ குழாய்த் தண்ணி ஊற்றியிருக்கிறார்கள். பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே கலக்கிறது; அதை மேற்கொண்டு ஓட்டாமல் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆறவைத்து வடிக்கவும். தெளிவாக வரும்வரை இதே வேலை. பிறகு டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மூடி, கூலன்ட்டை மெதுவாக வாய்வரை ஊற்றுங்கள். மூடியை மாட்டாமலே எஞ்சினை ஐடிலில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, த்ராட்டிலை மூன்று நான்கு முறை லேசாகத் திருகினால் உள்ளே சிக்கிய காற்று குமிழி குமிழியாக வெளியேறும். மட்டம் இறங்கியதும் நிரப்பி மூடுங்கள். காற்றை எடுக்காமல் மூடிவிடுவதுதான் "கூலன்ட் மாத்தினதுக்கு அப்புறம்தான் ஓவர்ஹீட் ஆவுது" என்ற புகாருக்கு வழக்கமான காரணம்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் விறைத்திருந்தால் மூடியையே மாற்றுங்கள். அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஹோஸ்களைக் கிளாம்ப் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ உப்பலோ இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்ன துளை இருக்கும். அதிலிருந்து கூலன்ட் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று வண்டியே சொல்கிறது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்கும் வைத்தியம் நடக்கிறது. அடைத்தால் கூலன்ட் போக வழியில்லாமல் பேரிங் பக்கமும் ஆயில் பக்கமும் திரும்பும், சீல் செலவு எஞ்சின் செலவாகும்.

கடைசியாக ஃபேன். நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு மீட்டரில் சூட்டுக் கட்டம் ஏறுவதைப் பாருங்கள். ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், பிறகு கனெக்டர், பிறகு ஃபேனுக்கே நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது என்ற வரிசை. நேராகக் கொடுத்தால் சுற்றுகிறது என்றால் ரிலேவும் சென்சாரும்தான் மிச்சம். ரேடியேட்டர் இடுக்கில் அடைந்த பூச்சியையும் மண்ணையும் வாட்டர் வாஷ் கன்னால் அடிக்காதீர்கள், தகடுகள் மடங்கிக் காற்றே புகாது. சாதா குழாயில், பின்பக்கமிருந்து முன்பக்கமாக.

ஆயிலும் வால்வும்

எஞ்சின் ஆயில் 10டபிள்யூ-30, ஜாஸோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான தரக் குறியீடு). வடித்து மட்டும் ஊற்றினால் 1.4 லிட்டர், ஃபில்டரும் மாற்றினால் 1.5. காகித ஃபில்டரில் "அவுட்-சைடு" என்ற அடையாளம் உள்ள பக்கம் வெளியே பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஆயில் ஓட்டம் தடைபடும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். முறுக்கு 24 நியூட்டன் மீட்டர். கேஸ் அலுமினியம் என்பதை மறந்து ஸ்பானரில் குழாய் மாட்டி இறுக்கினால் மரை கழன்றுவிடும். இந்த வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. அளவு பார்க்க ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா நுழைத்துப் பாருங்கள்.

வால்வு இடைவெளி 24,000 கி.மீ.க்கு ஒருமுறை. இன்லெட் 0.16 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.27 மி.மீ., இரண்டிலும் 0.03 கூடக் குறையப் போகலாம். எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும் என்பது கணக்கு. ஏப்ரல், மே மாதத்தில் நிழலில் நிற்கிற எஞ்சினே பகல் பத்து மணிக்கு அதைத் தாண்டிவிடும். ராத்திரி முழுக்க நிறுத்தி, விடியற்காலையில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுங்கள். இடைவெளி குறையத்தான் செய்யும், அதுவும் எக்ஸாஸ்ட் பக்கம்; இறுகிய வால்வு முழுசாக மூடாமல் கருகும். சத்தமே வராது என்பதால் "வண்டி சைலண்டா இருக்கு" என்று ஏமாறுவோம். காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு, ஐடில் ஆடுவது ஆகியவைதான் துப்பு. சரிசெய்வது ஷிம் (வால்வு மேல் உட்காரும் சின்ன வில்லை) மாற்றி. ரோலர் ராக்கர் அமைப்பு என்பதால் கேம்ஷாஃப்ட்டைக் கழற்றாமலே ஷிம்மை எடுக்கலாம். "கேம் இறக்கணும்" என்று கூலி சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மற்றவை

ஏர் ஃபில்டர் எண்ணெய் ஊறிய காகிதம். காற்றடித்துச் சுத்தம் செய்யும் வகையல்ல, மாற்ற வேண்டியதுதான். கல்குவாரிப் பக்கமோ மணல் லாரி ஓடும் ரோட்டிலோ தினம் போகிறவர்கள் இன்னும் சீக்கிரம்.

செயின் ஓ-ரிங் வகை, ஸ்பிராக்கெட் 14-க்கு 38 பல். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் ஓ-ரிங்கைக் கெடுக்கும். துடைத்து உலர்த்தி 90 நம்பர் கியர் ஆயில், ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை. தளர்வு அளவு ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும்.

பிரேக் ஆயில் டாட்-4, சீல் உடைக்காத டப்பா, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. சி-ஏபிஎஸ் (முன் பின் பிரேக் இணைந்த ஏபிஎஸ்) மாடலில் பின் பிரேக் மிதித்தால் முன் காலிப்பரின் ஒரு பிஸ்டனும் வேலை செய்யும். ஆகவே பின் பிரேக் காற்றை எடுப்பது பின் சக்கரத்தோடு முடியாது. இதைத் தெரிந்த கையிடம் விடுங்கள்.

பேட்டரி 12 வோல்ட், 6 ஏஎச். ராத்திரி நின்ற வண்டியில் 12.6-க்கு மேல் காட்ட வேண்டும், எஞ்சினை ஏற்றிப் பிடித்தால் 14-ஐ ஒட்டி. ஏறவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் ரெக்டிஃபயர் (பேட்டரிக்குச் சார்ஜ் தரும் பெட்டி) கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள், பழுப்பாகக் கருகியிருக்கும். மீட்டரில் எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கோளாறு) விளக்கு சிமிட்டினால் எண்ணுங்கள். நீளமான ஒரு சிமிட்டலுக்குப் பத்து, குட்டையான ஒரு சிமிட்டலுக்கு ஒன்று என்று கூட்டுங்கள். ஏழு என்றால் கூலன்ட் சூட்டுச் சென்சார், எட்டு த்ராட்டில் சென்சார், பன்னிரண்டு இன்ஜெக்டர். முதலில் அந்தந்தக் கனெக்டரைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பாருங்கள். பழைய வண்டியில் பாதி கோளாறு அங்கேயே தீரும்.

டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அவ்வளவு பழையதை நம்பி ஹைவேயில் போகாதீர்கள்.

எல்லாம் மாட்டியதும் வாலாஜா வரை சும்மா ஓட்டிப் பார்ப்பதைவிட ஏலகிரி ஏறுங்கள். 14 கொண்டை ஊசி வளைவு, தாழ்ந்த கியர், காற்றோட்டம் குறைவு: கூலிங்குக்கு இதைவிடக் கடினமான பரீட்சை பக்கத்தில் இல்லை. இறங்கும்போது கியரிலேயே பிடித்து இறங்கினால் பிரேக்கும் கொதிக்காது. வீட்டுக்கு வந்து ஆறவிட்டு, மறுநாள் காலை ரிசர்வ் டேங்க் மட்டத்தில் ஒரு பேனாக் கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரத்தில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஹோஸ், மூடி, பம்ப் துளை என்று அதே வரிசையில் மறுபடியும் தேட வேண்டும்.