ராட்சத ஜெல்லி மீனும் நஷ்டக் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் கரையோரத்தில் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீனில் ராட்சத வகை ஒன்று உண்டு. பெயர் நொமுரா. குடைபோன்ற உடம்பு 2 மீட்டர் அகலம், எடை 200 கிலோ வரை போகும். சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடல் பக்கம் பிறந்து, சுஷிமா நீரோட்டத்தோடு மிதந்து ஜப்பான் கரைக்கு வரும். 1920, 1958, 1995 என்று எப்போதாவது பெருங்கூட்டமாக வந்துகொண்டிருந்தது, 2002 முதல் 2009 வரை அநேகமாக ஒவ்வொரு வருஷமும் வந்தது.

இதனால் மீனவர்களுக்கு வரும் நஷ்டத்தைப் பேசும்போது பலரும் செய்யும் முதல் தவறு, "மீன்பாடு எவ்வளவு குறைந்தது?" என்று மட்டும் கேட்பது. மீன் குறையாமலே நஷ்டம் வரும். கடலில் ஓரிடத்திலேயே கட்டி வைக்கும் நிலைவலையைத் தூக்கும்போது, மடிக்குள், அதாவது வலையின் பைக்குள், மீனும் சொறியும் ஒன்றாக நெருக்குப்படுகின்றன. அத்தனை பாரத்துக்கு அடியில் சால்மன் நசுங்கும். கொழகொழப்பு ஒட்டி, விஷம் பட்டு, தோல் நிறம் மாறும். எடையில் ஒரு கிலோவும் குறைந்திருக்காது, ஆனால் ஏலத்தில் பாதி விலைக்குக்கூட ஆள் தேட வேண்டியிருக்கும். அப்புறம் சொறியை அள்ளிக் கொட்டும் நேரம், வலைக் கிழிசல், கூடுதல் டீசல், கையிலும் கண்ணிலும் படும் கடி. இவை எந்த மீன்பாட்டுக் கணக்கிலும் ஏறாது. என்னைக் கேட்டால் நஷ்டத்தின் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வலை கனத்துப் போனாலும் எப்படியாவது மேலே ஏற்றிவிடலாம் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. 2009 நவம்பரில் ஜப்பானின் சிபா கரைக்கு அப்பால், நொமுரா நிறைந்த வலையை இழுத்த 10 டன் படகு ஒன்று கவிழ்ந்தது. அன்று கடல் அமைதியாகத்தான் இருந்தது. கடலில் விழுந்த மூன்று பேரையும் இன்னொரு படகு காப்பாற்றியது. பாரம் மிஞ்சினால் மடியைத் திறந்து விட்டுவிடுங்கள். ஒரு நாள் பாடு போனால் போகட்டும்.

வலைக்குள்ளேயே வெட்டிப் போடுவதும் உதவாது. செத்த துண்டிலும் கொட்டும் செல்கள் வேலை செய்யும், துண்டுகள் வலைக் கண்ணில் சிக்கி மீன்மேலும் ஒட்டும்.

"பிடித்து விற்றால் போச்சு" என்பவர்களும் உண்டு. சீனாவில் ஜெல்லி மீனை உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி உண்கிறார்கள், உண்மைதான். ஆனால் உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதைக் கரைக்குச் சுமந்து வரும் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு வருஷம் வராவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று வலையைப் பழையபடி போட்டுவிடுவது கடைசித் தவறு. 2008இல் நொமுரா மிகக் குறைவு, அடுத்த வருஷமே பெருவெள்ளமாக வந்தது. கடலடியில் ஒட்டியிருக்கும் இளம்பருவம், உறை போட்டுக்கொண்டு நெடுநாள் உறங்கக்கூடியது. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் ஷின்இச்சி உயே 2006 முதல் சீனா-ஜப்பான் பயணிகள் கப்பலில் நின்று கோடை தொடக்கத்தில் இவற்றை எண்ணி வந்தார். அந்த எண்ணிக்கை கூடினால், கூட்டம் கரைக்கு வருமுன் நிலைவலையில் பெரிய கண்ணுள்ள தடுப்பு வலை வைத்து, சொறி வெளியேற வழி விட அவகாசம் கிடைக்கும்.