கஃபை விட்டதும் கோடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்

பி.பி. மருந்தின் உதவியால் சரியாக நிற்கிறது, விரல் ஆக்சிமீட்டர் 98 சதவீத ஆக்சிஜன் காட்டுகிறது. ஆனாலும் செப்சிஸ், அதாவது தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலையில் உள்ள நோயாளியின் முழங்கால் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கிறது. ஐ.சி.யூ.வில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். பெரிய நாளங்களில் ரத்தம் ஓடுகிறது, சரி. நுண்நாளங்கள் தேவை வந்தால் விரிகின்றனவா? அதைப் படுக்கையருகிலேயே பார்க்க எனக்குப் பிடித்த வழி, அண்மை அகச்சிவப்பு ஒளி சென்சாரும் ஒரு பி.பி. கஃபும் (பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் காற்றுப் பட்டை).

700 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான ஒளி தோலைத் தாண்டித் தசைக்குள் போகும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் அதை வேறுவேறு அளவில் உறிஞ்சுவதால், திசுவில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று கருவி கணக்கிடுகிறது. ஆக்சிமீட்டரைப் போல இதற்கு நாடித்துடிப்பு தேவையில்லை. அதனால்தான் ரத்த ஓட்டத்தை நிறுத்தியும் அளக்க முடிகிறது. கஃபால் ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, விட்டதும் நுண்நாளங்கள் விரிந்து திசு ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மானிட்டர் கோட்டில் பார்ப்பதுதான் பரிசோதனை.

முதலில் கையைத் தேர்ந்தெடுங்கள். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்), ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்த குழாய்), மருந்து ஓடும் ஊசி, ரத்தக்கட்டி, எலும்பு முறிவு, மார்பக அறுவைக்குப் பின் வீக்கம், இவற்றில் எது இருந்தாலும் அந்தக் கை வேண்டாம். கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேட்டை நன்றாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு சென்சாரை ஒட்டுங்கள். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் வெளிச்சம் புகுந்து கணக்கைக் கெடுக்கும், மேலே கருப்புத் துணி போடுங்கள். கை சில்லென்றிருந்தால் முதலில் போர்த்திச் சூடாக்குங்கள். குளிர்ந்த கையில் எடுத்த அளவை நான் நம்புவதே இல்லை.

திசு ஆக்சிஜன் எண் அசையாமல் நின்றதும், கை மரத்துப்போகும், வலிக்கலாம் என்று நோயாளியிடம் சொல்லுங்கள். மயக்க மருந்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். பிறகு மேல்கையில் கஃபைச் சுற்றி, சிஸ்டாலிக்கைவிட (பி.பி.யின் மேல் எண்) 50 மி.மீ. பாதரசம் கூடுதலாக ஏற்றி, 3 நிமிடம் வைத்திருங்கள். ஆக்சிஜன் 40 சதவீதத்துக்கு இறங்கும்வரை என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எதுவானாலும் ஒரே நோயாளிக்கு ஒரே முறைதான். இறங்கும் ஆழம் மாறினால் ஏறும் வேகமும் மாறும்.

அப்புறம் கஃபைச் சட்டென்று விட வேண்டும். மெதுவாகக் காற்றை இறக்கினால் பரிசோதனையே வீண், அதனால் நான் டியூபை ஒரே இழுப்பில் கழற்றிவிடுவேன். இந்த நொடியில் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். ஆரோக்கியமான நாளங்களில் கோடு சில நொடிகளில் செங்குத்தாக ஏறி, பழைய அளவையும் தாண்டிப் போய், பிறகு தணியும். செப்சிஸில் அது சாய்வாக, தயங்கித் தயங்கி ஏறும், பழைய அளவைத் தாண்டுவதும் குறையும். கஃபை ஏற்றும் முன் இருந்த தொடக்க எண் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். அதனால் அந்த எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

கருவிக்குக் கருவி அளவு மாறும், கை வீங்கியிருந்தாலும் மாறும். ஆகவே அடுத்த படுக்கை நோயாளியோடு ஒப்பிடாமல், இவருடைய காலை அளவை இவருடைய மாலை அளவோடு ஒப்பிடுங்கள். பக்கத்திலேயே அப்போதைய நார்அட்ரினலின் (பி.பி.யை ஏற்றும் மருந்து) அளவு, லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்), நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப ஆகும் நேரம் மூன்றையும் எழுதுங்கள். இந்தக் கோட்டை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.