சின்னக் குழந்தைகளோடு நீண்ட ரயில் பயணம்: பிரித்துப் பிரித்துப் போவது எப்படி?

18 மணி நேரப் பயணத்தை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று ஒருமுறை கிளம்பினோம். மூத்தவளுக்கு அப்போது நான்கு வயது, இளையவனுக்கு ஒன்றரை. பாதிக்கு மேல் வந்தபின் இரண்டு பேரும் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். பசியில்லை, காய்ச்சலில்லை. உட்கார்ந்தே இருந்த அலுப்புதான். அதன்பிறகு எந்த நெடும்பயணத்தையும் நாங்கள் பிரிக்காமல் போனதில்லை: வழியில் ஓர் ஊரில் இறங்கி, இரவு தங்கி, மறுநாள் வேறு வண்டியில் தொடர்வோம். முதன்முறை கிளம்புகிறவர்களுக்காக, நாங்கள் செய்வதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: குழந்தையின் ஒரு நாளை எழுதுங்கள்

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். எப்போது எழுகிறது, எப்போது பசிக்கிறது, பகல் தூக்கம் எத்தனை மணிக்கு, சாயங்காலம் எந்த நேரத்தில் சிணுங்கல் தொடங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ரயில் நேரங்களையும் எழுதுங்கள். பகல் தூக்கம் ஓடும் ரயிலில் வருகிற மாதிரியும், சிணுங்கும் நேரத்துக்கு முன்பே இறங்குகிற மாதிரியும் ஒரு வண்டி அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: இறங்கும் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் வரைபடத்தில் நடுவில் இருக்கும் ஊரைத்தான் தேடுவார்கள். தூரத்தைப் பாதியாக்குவதில் குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லை. மாலை 5 மணிக்குள் போய்ச் சேரக்கூடிய ஊரைப் பாருங்கள். நள்ளிரவில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டிய ஊர் எவ்வளவு வசதியானதாக இருந்தாலும் வேண்டாம். தங்கும் அறை நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கட்டும். மறுநாள் வண்டியும் குழந்தை தானாக எழுந்து சாப்பிட்ட பிறகு கிளம்புவதாக இருக்க வேண்டும்.

ஒரே டிக்கெட்டில் நடுவில் இறங்கி மறுநாள் தொடரலாமா, இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டுமா என்பது ரயில்வேக்கு ரயில்வே, டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

படி 3: இரவுப் பை

இறங்கும் ஊரில் தேவைப்படுவதை மட்டும் ஒரு சின்னப் பையில் தனியாக வையுங்கள்: ஒரு செட் உடுப்பு, பல் துலக்கும் சாமான், மருந்து, வீட்டில் போர்த்திக்கொள்ளும் அதே போர்வை. போர்வையைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள். புது அறையில் வீட்டு வாசம் இருந்தால் குழந்தை சீக்கிரம் தூங்குகிறது.

படி 4: ரயிலுக்குள் மணி நேரங்களைப் பிரியுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தள்ளுவண்டி போன்றவற்றில் தொடர்ந்து 1 மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்க வேண்டாம் என்கிறது. நான் அந்த ஒரு மணி நேரத்தையே ரயிலுக்கும் அளவாக வைத்திருக்கிறேன்.

நான்கு விரல் அகலத்தில் நீளமாக ஒரு காகிதம் வெட்டி, விசிறி மாதிரி மடியுங்கள். மணிக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் அந்த நேரத்தில் நடக்கப்போவதைக் குழந்தையோடு சேர்ந்து வரையுங்கள்: ஜன்னல், சாப்பாட்டுத் தட்டு, பெட்டியின் கோடி வரை நடை, மூடிய கண். ஒன்று முடிந்ததும் அந்தக் கட்டத்தைக் குழந்தையே கிழிக்கட்டும். 'இன்னும் மூணு மணி நேரம்' என்றால் நான்கு வயதுக்குப் புரியாது. கையில் மூன்று கட்டம் மிச்சமிருப்பது கண்ணுக்குத் தெரியும். என் மகள் கிழித்த கட்டங்களை ஒவ்வொன்றாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று 'எப்ப வரும்?' என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

செல்போனைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே வழிகாட்டுதல்படி 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது. அதற்கும் சிறியவர்களுக்குத் திரையே வேண்டாம்.

குமட்டல் வந்தால் படப் புத்தகத்தையும் மூடிவிடுங்கள். உடம்பு நகர்வதை உள்காது உணர்கிறது, அசையாத பக்கத்தைப் பார்க்கும் கண்ணோ நகரவில்லை என்கிறது. இந்த முரண்தான் வயிற்றைப் புரட்டுகிறது. 2 வயதுக்கு மேல் 12 வரை இது அதிகம். வண்டி போகும் திசையைப் பார்த்து உட்காரவைத்து, ஜன்னல் வழியே தூரத்தில் தெரிவதைக் காட்டுங்கள்.

படி 5: நடுவில் பிளாட்பாரத்தில் இறங்கலாமா?

பெரியவர்கள் இரண்டு பேர் இருந்து, வண்டி 10 நிமிடத்துக்கு மேல் நிற்குமானால் மட்டும். ஒருவர் சாமானோடு உள்ளே இருக்க, மற்றவர் குழந்தையின் கையை விடாமல் நம் பெட்டி வாசலுக்கு எதிரிலேயே நடக்க வேண்டும். வண்டி தாமதமாக வந்திருந்தால் நிற்கும் நேரம் குறையலாம், அப்போது இறங்கவே வேண்டாம். நீங்கள் ஒருவர்தான் குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் இந்தப் படியை மறந்துவிடுங்கள்.

படி 6: தங்கும் ஊரில்

வந்ததே வந்தோம் என்று ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். அடக்கிவைத்த கால்களுக்கு ஓட இடம் வேண்டும். ஒரு பூங்காவோ திடலோ போதும். பிறகு குளியல், சாப்பாடு, தூக்கம். 1–2 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தேவை. 3–4 வயதுக்கு 10 முதல் 13. ரயிலில் குறைந்ததை இந்த இரவில்தான் ஈடுகட்ட முடியும். அதனால் காலையில் எழுப்பாதீர்கள்.

எழுந்ததும் மறுநாள் வண்டிக்கான காகிதத்தை மடிக்கலாம். எங்கள் மகள் முதலில் சட்டைப் பையைக் கவிழ்த்து, நேற்றுக் கிழித்த கட்டங்களைக் கட்டில்மேல் வரிசையாக அடுக்கித் தம்பிக்குக் கதை சொன்னாள். அது முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன்.