மோட்டார் பட்டறைக்கு ரீல்ஸ் எதற்கு?

கோபிச்செட்டிபாளையம் பக்கம் மச்சான் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். காயில் கட்டுவது, போர்வெல்லில் சப்மெர்சிபிள் மோட்டாரைத் தூக்கி இறக்குவது, இதுதான் வேலை. ஓர் ஏஜென்சி ஆள் பேசிய பேச்சில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்டினார். லைக் வந்தது, மோட்டார் வரவில்லை.

எப்படி வரும்? வாழைக்குத் தண்ணீர் பாய்கிற நேரத்தில் காயில் கருகிவிட்டால் தோட்டத்துக்காரர் ரீல்ஸா பார்ப்பார்? தெரிந்தவரைக் கேட்பார், இல்லாவிட்டால் கூகுளில் பக்கத்துப் பட்டறையைத் தேடுவார். மணப்பெண் அலங்காரத்துக்குக் கதை வேறு. முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே நாலு பேருடைய வேலையைப் படத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்; அந்தத் தொழிலுக்கு இன்ஸ்டாகிராம்தான் கடைவீதி. எது பிரபலமோ அதில் பணத்தைப் போடுவதுதான் முதல் தவறு. வருகிறவர்களிடம் “நம்ம நம்பர் எப்படிங்க கிடைச்சுது?” என்று ஒரு மாதம் கேட்டு நோட்டில் எழுதுங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம். நேரமில்லை என்றால் கூலி கொடுத்துச் செய்துகொள்வதில் தப்பில்லை. ஆனால் யாருடைய ஜிமெயிலில் பதிகிறார்கள் என்று பாருங்கள். மச்சான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஏஜென்சி தன் ஜிமெயிலில் பதிந்துவிட்டது. பணம் கட்டுவதை நிறுத்தியதும், சொந்தக் கடையின் போன் நம்பரை மாற்றக்கூட அவரால் முடியவில்லை. உரிமையாளராக நீங்கள் இருந்துகொண்டு அவர்களை மேனேஜராக மட்டும் சேருங்கள், வேண்டாதபோது நீக்கிவிடலாம்.

அப்புறம், கடைப் பெயரோடு ‘கோபி சத்தி பவானி பெஸ்ட் சர்வீஸ்’ என்று ஊர்களையெல்லாம் கோக்காதீர்கள். போர்டில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்பது கூகுள் விதி; மீறினால் பதிவே முடங்கலாம். ஊர் ஊராகப் போய் வேலை செய்பவர்கள் சேவைப் பகுதியில் 20 இடங்கள் வரை சேர்க்க வழி இருக்கிறது. தள்ளுபடி கொடுத்து ரிவியூ வாங்குவதும் விதிமீறல்தான். வேலை முடிந்த கையோடு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிக் கேட்டாலே நம்ம ஊர்க்காரர்கள் போடுவார்கள்.

கூகுளில் காசு கட்டி விளம்பரம் செய்தால், அது எந்த ஊர்க்காரருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் லொகேஷன் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். மாற்றாமல் விட்டால், கோபியில் இருப்பவர்களோடு கோபிமேல் ஆர்வம் காட்டியவர்களும் அதில் அடங்குவார்கள். கொடிவேரிக்கு டூர் போக வழி தேடிய சென்னைக்காரர் மோட்டார் ரிப்பேர் என்று தட்டினால் உங்கள் விளம்பரம் அவருக்கும் போகலாம். அவர் அதைத் தொட்டால் காசு உங்களுடையது. ‘அந்த இடத்தில் இருப்பவர்கள்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

வேலைக்கு ஆள் தேடி விசாரிக்கிற ஒரே வாடிக்கையாளரின் நம்பரை நாலைந்து பட்டறைகளுக்கு விற்கிற தளங்களும் உண்டு. அங்கே முதலில் கூப்பிட்டுப் பேசுகிறவருக்குத்தான் வேலை. மச்சானோ போர்வெல் பக்கம் நின்றால் போனையே எடுக்க மாட்டார். இப்போது அந்த போன் அக்காவிடம் இருக்கிறது.