எரிகிறது, ஆனால் சரியில்லை: டிரான்சிஸ்டர் வைத்து எல்இடி ஓட்டும்போது செய்யும் தவறுகள்

ஈஎஸ்பி32 என்ற சிறு கன்ட்ரோலர் போர்டு ஒன்றை வைத்து வாசல் விளக்கு செய்துகொண்டிருந்தேன். பிரெட்போர்டில் கைக்கு அகப்பட்ட சிவப்பு எல்இடியைப் போட்டுச் சோதித்தேன், பளிச்சென்று எரிந்தது. பெட்டிக்குள் மாட்டும்போது வெள்ளை எல்இடி போட்டேன். அறையை இருட்டாக்கி உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு மினுக்கல். டிரான்சிஸ்டர் போய்விட்டது போல என்று மூன்று பிசி547-ஐ மாற்றிப் பார்த்தேன். மூன்றும் நல்லவைதான். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்: பேஸில் சிறு கரண்ட் கொடுத்தால் கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய கரண்ட் ஓடும். எல்இடியை எமிட்டருக்குக் கீழே, கிரவுண்டுக்கு மேலே வைத்திருந்தேன். வினை அங்கேதான் இருந்தது.

எமிட்டர் எப்போதும் பேஸைவிட ஏறத்தாழ 0.7 வோல்ட் கீழேதான் நிற்கும். போர்டின் பின் (பேஸுக்குக் கட்டளை தரும் கால்) தருவது 3.3 வோல்ட். ஆக எமிட்டரில் கிடைப்பது அதிகபட்சம் 2.6. சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும், அதனால் எரிந்தது. வெள்ளைக்கு 3 முதல் 3.4 வோல்ட் வேண்டும். கலெக்டர் பக்கம் 12 வோல்ட் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஸ்விட்ச் போல ஓட்டும், பிசி547 போன்ற என்பிஎன் டிரான்சிஸ்டரில் எமிட்டர் நேராகக் கிரவுண்டுக்குப் போக வேண்டும். எல்இடியும் அதன் ரெசிஸ்டரும் சப்ளைக்கும் கலெக்டருக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

இந்த வகைச் சுற்றில் இதுதான் தொல்லை. தப்பாகப் போட்டாலும் பல நேரம் எல்இடி எரியத்தான் செய்யும். எரிகிறதே என்று மூடி வைத்துவிடுவோம்.

பின்னுக்கும் பேஸுக்கும் நடுவில் போட வேண்டிய பேஸ் ரெசிஸ்டரை விட்டுவிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் எல்இடி இன்னும் ஜோராகவே எரியும். ஆனால் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே இருப்பது ஒரு டயோடு. 5 வோல்ட் பின்னை அதில் நேராகச் செருகினால், பின் தன்னால் முடிந்த கரண்ட்டை எல்லாம் அதற்குள் தள்ளும். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் சிப்புக்கு ஒரு பின்னில் 40 மில்லிஆம்பியர்தான் உச்ச வரம்பு. சில நாள் ஓடி, பிறகு அந்த ஒரு பின் மட்டும் செத்துப்போகும். நீங்கள் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, ரெசிஸ்டர் போடுகிறோம். எவ்வளவு? இங்கேதான் பாடம் படித்தவர்களே அதிகம் சறுக்குகிறார்கள். மல்டிமீட்டரின் எச்எஃப்இ (பேஸ் கரண்ட்டை எத்தனை மடங்கு பெருக்கும் என்ற எண்) ஓட்டையில் டிரான்சிஸ்டரைச் செருகினால் 200 காட்டும். எல்இடிகளுக்கு 100 மில்லிஆம்பியர் வேண்டும், ஆகவே பேஸுக்கு அரை மில்லிஆம்பியர் போதும் என்று 4.7 கிலோஓம் போட்டுவிடுவார்கள். அந்த 200, டிரான்சிஸ்டர் பாதி திறந்து பெருக்கியாக வேலை செய்யும்போது கிடைக்கும் எண். ஸ்விட்சாக முழுக்கத் திறக்க அதை நம்பக் கூடாது. கலெக்டர் கரண்ட்டில் இருபதில் ஒரு பங்கை பேஸுக்குக் கொடுங்கள். பிசி547-இன் டேட்டாஷீட்டே (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) முழுக்கத் திறந்த நிலையை 100 மில்லிஆம்பியருக்கு 5 என்ற கணக்கில்தான் சொல்கிறது. 3.3 வோல்ட் பின் என்றால் 0.7 போக மிச்சம் 2.6-ஐ 0.005-ஆல் வகுத்தால் 520 ஓம். கடையில் கிடைக்கும் 470 போதும். 20 மில்லிஆம்பியர் ஓடும் ஒரே வரிசைக்கு 2.2 கிலோஓம் தாராளம்.

சரியாகத் திறந்ததா என்று பார்க்க ஒரே ஒரு அளவு போதும். எல்இடி எரியும்போது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட் பக்கம் காட்டினால் நிம்மதி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் டிரான்சிஸ்டர் பாதி மூடிக்கொண்டு சூட்டை உமிழ்கிறது. விரலை வைத்தாலே தெரியும்.

அடுத்தது எல்இடியின் ரெசிஸ்டர். கரண்ட் போனால் எரியும் எமர்ஜென்சி விளக்கை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, மூன்று வெள்ளை எல்இடி வரிசையாக. மூன்றுக்கும் சேர்த்து 9.6 வோல்ட், டிரான்சிஸ்டருக்கு 0.2, மிச்சம் 2.2. இருபது மில்லிஆம்பியருக்கு 110 ஓம். காகிதத்தில் பிரமாதம். ஆனால் அந்த பேட்டரி எப்போது 12 வோல்ட்டில் நின்றது? சார்ஜ் ஏறும்போது 14.4-ஐத் தொடும், இறங்கினால் 11. அதே 110 ஓமில் 14.4-க்குக் கணக்குப் போட்டால் 42 மில்லிஆம்பியர், 11-க்குப் போட்டால் 11 மில்லிஆம்பியர். எல்இடி சார்ஜ் ஆகும்போது வேகும், தேவைப்படும்போது மங்கும். ரெசிஸ்டரின் பங்குக்கு வோல்ட் மிகக் குறைவாக விட்டதன் விளைவு இது. வரிசையில் இரண்டு எல்இடி மட்டும் வைத்து, 14.4-க்கே கணக்குப் போட்டு 390 ஓம் போடுங்கள். உச்சத்தில் 20 மில்லிஆம்பியர், 12-இல் 14, 11 வோல்ட்டிலும் 11. கொஞ்சம் மின்சாரம் ரெசிஸ்டரில் வீணாகும்தான். நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

வெளிச்சம் போதவில்லை என்று இன்னும் வரிசைகள் சேர்த்தால், ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரெசிஸ்டர் கொடுங்கள். எல்லாவற்றையும் இணையாகக் கட்டி ஒரே ரெசிஸ்டரில் முடிச்சுப் போட்டால், கொஞ்சம் குறைந்த வோல்ட்டில் திறக்கும் எல்இடி மற்றவற்றின் பங்கையும் சேர்த்து விழுங்கும். அது போனதும் அடுத்தது. ஐந்து வரிசை ஆனதுமே 100 மில்லிஆம்பியர். பிசி547-இன் எல்லை அதுதான். அதற்கு மேல் 600 வரை தாங்கும் பிஎன்2222ஏ போன்றதற்குப் போக வேண்டும்.

போகும்போது கால்களைப் பாருங்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222ஏ-வுக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். பெயரில் ஒரு 2 மட்டும் கூடுதலாக உள்ள பி2என்2222ஏ-வுக்கோ மறுபடியும் கலெக்டர், பேஸ், எமிட்டர்! இந்தக் கொடுமையை யார் யோசித்தார்களோ. திருப்பிச் செருகினாலும் சில நேரம் மங்கலாக எரியும், ஏனென்றால் டிரான்சிஸ்டர் தலைகீழாகவும் சிறிது வேலை செய்யும். ஆனால் பேஸ்-எமிட்டர் சந்தி எதிர்த்திசையில் 6 வோல்ட் அளவுக்குத்தான் தாங்கும்; தாண்டினால் கெடலாம்.

ஒருபோதும் அணையாத விளக்கு வேண்டுமென்றால், பேஸை எமிட்டரைவிடக் கீழே இழுத்தால் திறக்கும் பிஎன்பி டிரான்சிஸ்டரின் எமிட்டரை 12 வோல்ட்டில் கட்டி, பேஸை நேராக ஈஎஸ்பி32 பின்னுக்கு இழுங்கள். பின் ‘ஹை’ என்றாலும் 3.3-தான், எமிட்டருக்கு அது எட்டு ஒன்பது வோல்ட் கீழே, ஆகவே டிரான்சிஸ்டர் திறந்தே கிடக்கும். போதாததற்கு 12 வோல்ட் பேஸ் வழியாகப் பின்னுக்குள்ளும் நுழையும். நடுவில் ஒரு என்பிஎன் வைத்து அதன் மூலம் பிஎன்பி-யின் பேஸைக் கீழே இழுப்பதே வழி.

பேஸ் கரண்ட்டுக்குப் பதில் ‘கேட்’ என்ற காலில் தரும் வோல்ட்டால் திறக்கும் மாஸ்ஃபெட் போட்டால் தலைவலி தீரும் என்பார்கள். ஐஆர்எஃப்540-இன் டேட்டாஷீட்டில் 2 முதல் 4 வோல்ட் என்று இருப்பது கால் மில்லிஆம்பியர் கசியத் தொடங்கும் இடம் மட்டுமே. முழுக்கத் திறக்க கேட்டுக்கு 10 வோல்ட் வேண்டும். 3.3-ஐக் கொடுத்தால் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும்.

பேட்டரியின் மைனஸும் போர்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; தனித்தனி சப்ளை வைத்தவர்கள் மறப்பது இதைத்தான். அப்புறம், போர்டு விழிக்கும் அந்த ஒரு நொடியில் பின் எந்தப் பக்கமும் சாயாமல் தொங்கும், விளக்கு தானாகச் சிமிட்டலாம். டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம். என் வாசல் விளக்கு அதைப் போட்ட பிறகுதான் ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் கண்ணடிப்பதை நிறுத்தியது.