புதுப்பிக்கப்பட்ட மடிக்கணினி: விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்காகப் புதுப்பிக்கப்பட்ட மடிக்கணினி தேடும் பெற்றோர், மேல்மூடியின் பளபளப்பையும் ‘ஐ5’ என்ற ஒட்டியையும் மட்டும் பார்த்துப் பெறுமதியை முடிவுசெய்ய வேண்டாம். ‘ஐ5’ என்பது கணினியின் மூளையான இன்டெல் செயலியின் வகை மட்டுமே; அந்தச் செயலியின் முழு இலக்கத்தைக் கேளுங்கள். 7200 என்றால் இன்டெலின் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதாலும், விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்தே முறைப்படி ஏற்கப்படுவதாலும், ஏழாம் தலைமுறைக் கணினிக்கு நல்ல விலை கொடுப்பதில் பயனில்லை.

அடுத்தது பற்றரி. விண்டோஸிலேயே பற்றரி அறிக்கை எடுக்கும் வசதி இருப்பதால், கடைக்காரரிடம் அதைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். புதிதாக இருந்தபோது 50,000 மில்லிவாட் மணி (mWh) மின்சாரம் கொண்டிருந்த பற்றரி இப்போது 25,000 மட்டுமே கொள்ளுமானால், மாற்றுப் பற்றரியின் செலவையும் கணக்கில் எடுத்தே விலை பேச வேண்டும். நினைவகம் (ரேம்) 8 ஜிபியும், எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகமும் இருந்தால் படிப்புக்குப் போதும்.

எங்கள் ஊரின் உப்புக்காற்றை மறந்துவிடக் கூடாது. கைப்பேசி வெளிச்சத்தை யூஎஸ்பி துளைக்குள் அடித்துப் பாருங்கள்: உலோகத்தில் பச்சை பூத்திருந்தாலோ, அடிப்பக்கத் திருகாணிகள் துருவேறியிருந்தாலோ, எவ்வளவு மலிவானாலும் நான் வாங்க மாட்டேன். உத்தரவாதக் காலத்தை வாய்ச்சொல்லாக விடாமல் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.