டாஸ்க்லெட்டை வொர்க்கியூவாக மாற்றும் பேட்ச்: எதைப் பார்த்து ஒப்புதல் தருவது

டாஸ்க்லெட், வொர்க்கியூ இரண்டும் இன்டரப்ட் (சாதனம் சிபியுவை அழைக்கும் குறுக்கீடு) வந்தபின் சற்றுத் தள்ளிப்போட்ட வேலையை ஓட்டும் வழிகள். லினக்ஸ் டிரைவரில் டாஸ்க்லெட்டை எடுத்துவிட்டு வொர்க்கியூ வைக்கும் பேட்ச் (நிரல் மாற்றம்) பெரும்பாலும் சில வரிகளோடு முடிந்துவிடும். சிக்கல் இருப்பதோ பேட்சில் தெரியாத வரிகளில்தான். டிரைவரின் முழுக் கோப்பையும் திறந்து வைத்துப் படியுங்கள்.

தள்ளிப்போட்ட வேலையைச் செய்யும் ஃபங்ஷன் இனி எங்கே ஓடும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டாஸ்க்லெட் சாஃப்ட் ஐஆர்க்யூவில், அதாவது இன்டரப்ட் ஹேண்ட்லருக்குப் பின் கெர்னல் ஓட்டும் சூழலில், ஓடும்; அங்கே தூங்க (சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்க) முடியாது. சாதாரண வொர்க்கியூ கெர்னல் த்ரெட்டில் ஓடும். தூங்கலாம், ஆனால் ஷெட்யூலர் முறை தரும்வரை காத்திருக்கும். 2024-இல் வந்த லினக்ஸ் 6.9 பதிப்பின் பிஎச் (பாட்டம் ஹாஃப்) வொர்க்கியூ, சாஃப்ட் ஐஆர்க்யூவிலேயே ஓடும். தாமதம் தாங்காத டிரைவருக்கு அதையே கேளுங்கள்.

த்ரெட்டுக்கு மாறுகிறது என்றால் லாக்குகளுக்குத்தான் (பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொட வைக்கும் பூட்டுகள்) அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு சிபியுவில் ஒரு சாஃப்ட் ஐஆர்க்யூவை இன்னொன்று இடைமறிக்காது என்பதால், டாஸ்க்லெட்டுக்குள் வெறும் ஸ்பின்_லாக் போதுமானதாக இருந்திருக்கும். த்ரெட்டில் அந்தக் காப்பு இல்லை. லாக் கையில் இருக்கும்போதே அதே சிபியுவில் டைமர் வந்து அதே லாக்கைக் கேட்டால் டெட்லாக்தான், இரண்டும் நகர முடியாமல் முடங்கும். அங்கே சாஃப்ட் ஐஆர்க்யூவையும் தடுத்து வைக்கும் ஸ்பின்_லாக்_பிஎச் வேண்டும். ஹார்ட் இன்டரப்ட் ஹேண்ட்லரும் அந்த லாக்கை எடுத்தால், இன்டரப்டையே தடுக்கும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ். ஒரே வொர்க் ஐட்டம் ஒரே நேரத்தில் இரண்டு சிபியுவில் ஓடுமோ என்ற கவலை வேண்டாம். வொர்க்கியூ அதை அனுமதிப்பதில்லை.

அடுத்து, டிரைவரைக் கழற்றும் பாதை. சாதனத்தில் இன்டரப்டை அணைப்பது, ஃப்ரீ_ஐஆர்க்யூ (ஹேண்ட்லரை நீக்குவது), பிறகு கேன்சல்_வொர்க்_சிங்க் (வரிசையில் உள்ள வேலையை ரத்து செய்து, ஓடுவது முடியும்வரை காத்திருப்பது), கடைசியில் நினைவகத்தை விடுவிப்பது: வரிசை இதுதான். கேன்சல் முன்னால் வந்தால், அதன்பின் வரும் ஓர் இன்டரப்ட் வேலையை மறுபடி வரிசையில் போட்டுவிடும்; அது ஓடும்போது நினைவகம் இருக்காது. வொர்க் ஃபங்ஷன் எடுக்கும் லாக்கைப் பிடித்துக்கொண்டு கேன்சலை அழைத்தாலும் டெட்லாக். இந்த இரண்டும் சாதாரண சோதனையில் எளிதில் அகப்படாதவை, கண்ணால் படித்தும் பிடிக்க வேண்டும்.

சேமிப்பக டிரைவர் என்றால் டபிள்யூக்யூ_மெம்_ரிக்ளெய்ம் கொடியோடு (நினைவகம் குறைந்தாலும் வேலையை ஓட்ட ஒரு த்ரெட்டை முன்பே ஒதுக்கும் அமைப்பு) தனி வொர்க்கியூ இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நினைவகம் வற்றும்போது புதிய த்ரெட் உருவாகாமல், நினைவகத்தை விடுவிக்க வேண்டிய எழுத்து வேலையே நின்றுபோகலாம்.

ஒப்புதலுக்கு முன் புரூவ்_லாக்கிங் (லாக் தவறுகளைப் பிடிப்பது), டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் (தூங்கக்கூடாத இடத்தில் தூங்குவதைப் பிடிப்பது), கேஸான் (விடுவித்த நினைவகத்தைத் தொடுவது போன்ற பிழைகளைப் பிடிப்பது) மூன்றையும் இயக்கிய கெர்னலில், தரவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்யூலைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிய முடிவைக் கேளுங்கள். தாமத அளவைத் தனியாக, இந்தக் கொடிகள் இல்லாத கெர்னலில் எடுக்கச் சொல்லுங்கள். சிபியு சும்மா இருக்கும்போது எடுத்த எண்ணை ஏற்காதீர்கள்.